தாத்தாவின் மாத்திரையும் அரை ஆயுட்காலமும்

கதிரியக்க அயோடின்-131 இன் அரை ஆயுட்காலம் 8 நாட்கள். இன்று 100 மில்லிகிராம் இருந்தால் 8 நாட்களில் 50, 16 நாட்களில் 25 எனக் குறையும். தாத்தா விழுங்கும் பல மாத்திரைகளும் உடலில் ஏறத்தாழ இவ்விதியின்படியே குறைகின்றன என்றால் வியப்பாக இருக்கிறதா?

ஒரு மருந்தின் அரை ஆயுட்காலம் 1 நாள், தினசரி அளவு 100 அலகு என்று கொள்வோம். முதல் நாள் 100. மறுநாள் மீதி 50. புதிய மாத்திரையோடு 150. அடுத்து 175, பின் 187.5. இவ்வாறு ஏறி, 200ஐ நெருங்கி நிற்கும். மருத்துவர் விரும்புவது இந்த நிலையைத்தான்.

ஒரு நாள் மறந்துவிட்டால்? அன்று 100ஆகவும், மறுநாள் 50ஆகவும் குறையும். வழக்கம்போல் ஒரு மாத்திரை போட்டால் 150, பிறகு 175. அளவு தானாகவே சீரடையும். ஈடுகட்ட இரண்டாகப் போட்டாலோ 250!

முதுமையில் சிறுநீரகத்தின் வேலைத்திறன் பொதுவாகக் குறைகிறது. இதனால் அரை ஆயுட்காலம் 2 நாட்களாக நீண்டால், அதே மாத்திரை 200க்குப் பதில் ஏறத்தாழ 341 அலகு வரை சேர்ந்துவிடும். முதியோருக்கு மருத்துவர் அளவைக் குறைத்து எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதயநோய்க்குத் தரப்படும் டிகாக்ஸின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியே வெளியேறுவது. அதில் பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. என் தந்தையார் அதைச் சாப்பிட்டு வந்தார். ஒரு நாள் வாந்தி எடுத்தார். "விளக்கெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறதே" என்றார். நாடியோ நிமிடத்துக்கு 44தான். மருத்துவர் அட்டையில் மீதியிருந்த மாத்திரைகளை எண்ணச் சொன்னார். 6 மாத்திரைகள் குறைந்தன! காலையில் போட்டதை மறந்து மாலையிலும் போட்டிருக்கிறார். நல்ல வேளையாகப் பிழைத்துக் கொண்டார். கணக்குச் சொல்லிக் கொடுக்கும் நான், வீட்டில் மாத்திரையை எண்ணவில்லை.

மாணவர்களே, இன்றே ஒரு தாளில் கட்டம் போட்டுத் தாத்தா, பாட்டியின் மருந்துப் பெட்டியருகே ஒட்டுங்கள். மாத்திரை போட்டவுடன் அவர்களே குறியிடட்டும். மறந்துபோன மாத்திரைக்கு என்ன செய்வது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, அதே தாளில் எழுதி வையுங்கள். அவரைக் கேளாமல் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

ஒரு பயிற்சி: மேலே சொன்ன மருந்தை 200 அலகு நிலையில் நிறுத்தினால், 25 அலகாகக் குறைய எத்தனை நாட்களாகும்?