வெட்சூட்: தடிமனைவிட அளவைப் பாருங்கள்

வல்லம் வடகால் சிப்காட்டில், வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் வாசகர் கேட்டிருக்கிறார்: "புதுச்சேரியில் ஸ்கூபா பயிற்சி முடித்திருக்கிறேன். ஒரே நாளில் இரண்டாவது டைவ் இறங்கியபோது குளிரில் நடுங்கிவிட்டேன். 5 மில்லிமீட்டர் வெட்சூட் வாங்கலாமா? கையில் அதிகப் பணம் இல்லை."

நடுக்கத்தைக் கண்டு பயந்துவிட வேண்டாம். புதுச்சேரிக் கடலின் மேல்நீர் ஆண்டின் பெரும்பகுதி 26 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். நம் உடலோ 37 டிகிரி. காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் வெப்பத்தைக் கடத்துவதால், கரையில் வியர்க்கவைக்கும் அதே 28 டிகிரி, நீருக்குள் முக்கால் மணி நேரத்தில் நடுங்கவைக்கும். முதல் டைவில் இழந்த சூடு திரும்புவதற்குள் அடுத்ததற்கு இறங்கினால் இன்னும் சீக்கிரம் குளிரும். நடுக்கம் நிற்காவிட்டாலோ விரல்கள் சொன்னபடி கேட்காவிட்டாலோ, கூட்டாளிக்குச் சைகை காட்டிவிட்டு, முறைப்படி மெதுவாக மேலே வந்துவிட வேண்டும்.

இனி உடைக்கு வருவோம். வெட்சூட்டுக்குள் நிற்கும் தண்ணீர்தான் சூடு தருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் குளிரைத் தடுப்பது நியோபிரீனில் (செயற்கை ரப்பர்) நுரைபோல அடைபட்டிருக்கும் வாயுக் குமிழ்கள். உங்கள் தொழிற்சாலையில் ரப்பர் பெல்ட்டாகவும் உறையாகவும் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய இந்த ரப்பர், 1930-இல் டூபான்ட் ஆய்வகத்தில் உருவானது. 1950-களின் தொடக்கத்தில் இதே பொருளின் நுரை வடிவத்தை வைத்து வெட்சூட்டை வடிவமைத்தவர் ஹியூ பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர். உள்ளே புகும் நீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. தொளதொளவென்ற உடையில் ஒவ்வொரு அசைவுக்கும் புதுத் தண்ணீர் புகுந்து சூட்டை அள்ளிக்கொண்டு போகும். நீங்கள் நடுங்கியதற்கு, அன்று உங்களுக்கு அளவில்லாத வாடகை உடை கிடைத்தது காரணமாக இருக்கலாம்.

எனவே 5 மில்லிமீட்டர் வேண்டாம். சித்திரை வெயிலில் படகில் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கடலில் இறங்குமுன்பே உடல் சூடேறிக் களைத்துவிடும். அது அதிகம் மிதப்பதால் இடுப்பில் கூடுதல் ஈயம் கட்ட வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகிக் குமிழ்கள் சுருங்கும்போது மிதப்பு குறைந்து, அதே ஈயம் உங்களைக் கீழே இழுக்கும். நம் கடலுக்கு 3 மில்லிமீட்டர் முழுநீள உடையே பெரும்பாலோருக்குப் போதும். குளிர் தாங்குபவர்களுக்கு, மீனவர்கள் 'சொறி' என்று சொல்லும் இழுதுமீன் தோலில் படாமல் காக்க மெல்லிய லைக்ரா உடைகூடப் போதலாம்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது உங்கள் தொழில் கைகொடுக்கட்டும். அக்குள், கீழ்முதுகு, கவட்டை ஆகிய இடங்களில் கையால் பிடித்து இழுக்கும்படி இடைவெளி இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். குந்தி உட்காருங்கள், கைகளைத் தலைக்கு மேல் தூக்குங்கள், மூச்சை ஆழமாக இழுங்கள். இவற்றில் எது சிரமமாக இருந்தாலும் அந்த உடை வேண்டாம். கழுத்துப் பகுதி இறுகித் தலை சுற்றினால் உடனே கழற்றுங்கள். கரையில் சற்று இறுக்கமாக இருப்பது குறையல்ல. நீரில் சிறிது இளகிக் கொடுக்கும்.

பழைய உடை வாங்குவதும் நல்ல சிக்கனம்தான், சோதித்து வாங்கினால். முழங்கால் பகுதியை விரல்களால் அழுத்திவிடுங்கள். உடனே எழும்பாவிட்டால் குமிழ்கள் செத்துவிட்டன என்று பொருள். தையல்களை வெளிச்சத்துக்கு நேராக இழுத்துப் பிடித்துப் பாருங்கள். ஜிப்பைப் பத்துமுறை ஏற்றி இறக்குங்கள். அழுத்தாமல் வெர்னியர் காலிப்பர் வைத்துத் தோள், மார்பு, முழங்கால் தடிமனை அளந்தால் எங்கே தேய்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு. பல மையங்களில் டைவ் கட்டணத்திலேயே உடையும் அடங்கும். தனி வாடகை என்றால், உடையின் விலையை ஒருநாள் வாடகையால் வகுங்கள். அத்தனை நாள் அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடலுக்குப் போவீர்களா? ஷிஃப்டும் வடகிழக்குப் பருவமழையும் விட்டுக்கொடுக்கும் நாட்களை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் நேரே கடலுக்குப் போகாதீர்கள். எந்த உடையும் அந்தக் களைப்பை ஈடுகட்டாது.

குறுக்கு வழிகளும் வேண்டாம். உடம்பில் எண்ணெய் பூசினால் குளிர் அடங்காது. ஜிப்பில் கிரீஸ் தடவினால் ரப்பர் கெடும். கிழிசலை உடனடிப் பசையால் ஒட்டினால் அந்த இடம் விறைத்துப் பக்கத்தில் வெடிக்கும். நியோபிரீனுக்கென்றே விற்கும் ரப்பர் பசையை வாங்குங்கள். வாஷிங் மெஷினில் போடாமல் நல்ல தண்ணீரில் அலசி, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, நிழலில் அகலமான ஹேங்கரில் உலர்த்துங்கள். தகரக் கூரை அறையில் மடித்து வைத்தால் மடிப்பு அப்படியே நின்றுவிடும்.

புது உடையோடு இறங்கும் முதல் நாளில் பயிற்றுநரிடம் சொல்லிவிடுங்கள். பழைய உடைக்குக் கட்டிய ஈயக் கணக்கு இதற்குப் பொருந்தாது. கரையோர ஆழமற்ற நீரில் மிதப்பைச் சரிபார்த்த பிறகே ஆழத்துக்குப் போக வேண்டும்.