நூல் விலை ஏறினா யாருக்கு லாபம்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடைக்குப் பஞ்சமே இல்ல. ஒரு கடை மட்டும் கிலோவுக்கு 50 ரூபாய் ஏத்தினா, அடுத்த கடைக்குப் போயிடுவீங்க. போட்டி, அவ்வளவுதான்.

பக்கத்து ராஜபாளையம் கதை கொஞ்சம் சிக்கல். நூல் அங்கே மில்லுக்கு வரவு. அதே நூல் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்காரருக்குச் செலவு. பஞ்சு, மில்லுக்குச் செலவு, விவசாயிக்கு வரவு. விலை குறையணும்னு சொல்றவங்ககிட்ட நான் முதல்ல கேட்கிறது: நீங்க விக்கிறவரா, வாங்குறவரா?

2021 பட்ஜெட்டில் இறக்குமதிப் பஞ்சுக்கு மத்திய அரசு வரி போட்டது, எல்லாம் சேர்த்து 11%. விவசாயிக்கு அது ஒரு வேலி. அடுத்த வருஷம் பஞ்சு விலை எகிற, 2022 ஏப்ரல் 14 முதல் அந்த வரியைத் தற்காலிகமா எடுத்தாங்க. ஆனா வெளிநாட்டிலும் அப்போ விலை உச்சத்துல இருந்துச்சு. அதனால வரி போயும், மே மாசம் இங்கே பஞ்சு விலை இன்னும் ஏறத்தான் செஞ்சது.