தூத்துக்குடி மக்ரூன் – சாக்லேட் தொட்டு

பொங்கல் விழாவுக்கு நான் கொண்டு வந்த மக்ரூனைச் சாப்பிட்டுப் பார்த்துப் பலர் செய்முறை கேட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட, நம் இதழிலேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. திருமணமாகி மும்பை வந்த பிறகு, அப்பா எங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் பையில் மக்ரூன் டப்பா ஒன்று இருக்கும். அப்பா காலமான பிறகு கொண்டு வர ஆளில்லை. நாமே செய்தால் என்ன என்று இறங்கினேன். மூன்று முறை கெட்டுப் போயிற்று. அந்த மூன்றும்தான் எனக்குப் பாடம்.

முதலில் சிறிது வரலாறு. ஐரோப்பாவில் மக்ரூனைப் பாதாம் பருப்பில் செய்வார்கள். தூத்துக்குடியில் செய்வது முந்திரியில். அந்த முந்திரி மரமும் நம் நாட்டுக்கு உரியதல்ல. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டு வந்தது. வெளியூரிலிருந்து வந்தது நம்முடையதாகிவிட்டது!

தேவையானவை (சுமார் 30 மக்ரூனுக்கு):
முட்டை வெள்ளைக்கரு – 2
சர்க்கரை – 120 கிராம் (மிக்ஸியில் பொடித்தது)
முந்திரிப்பருப்பு – 100 கிராம்
எலுமிச்சைச் சாறு – 4 சொட்டு
இனிப்புக் குறைந்த டார்க் சாக்லேட் – 100 கிராம்

செய்முறை:

1. முந்திரியை ஒரு நாள் வெயிலில் காய வைத்து, மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றி ரவை போல் பொடிக்கவும். முதல் முறை நான் தொடர்ந்து ஓட்டிவிட்டேன். எண்ணெய் விட்டு விழுதாகி, நுரை முழுவதும் அமுங்கிப் போயிற்று.

2. முட்டை குளிர்ந்திருக்கும்போது கருவைப் பிரிப்பது எளிது. பிரித்து அரை மணி நேரம் வெளியே வைத்து, பிறகு அடிக்கவும். பாத்திரத்தில் எண்ணெய்ப் பசையோ, ஒரு துளி மஞ்சள் கருவோ இருக்கக் கூடாது. வெள்ளைக்கருவில் உள்ள புரதம்தான் காற்றைச் சிறைப்பிடித்து நுரையாக நிற்கிறது. கொழுப்பு அதைக் கெடுத்துவிடும்.

3. எலுமிச்சைச் சாறு விட்டு பீட்டரால் அடிக்கவும். நுரை வெளுத்து மென்மையாக எழும்பியதும், சர்க்கரையை ஒவ்வொரு ஸ்பூனாகச் சேர்த்துக் கொண்டே அடிக்கவும். இரண்டாம் முறை அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டினேன். கரையாத சர்க்கரை ஓவனில் பாகாகக் கசிந்தது. விரலிடையே தேய்த்தால் நறநறக்கக் கூடாது. பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் நுரை விழக் கூடாது. அதுதான் பதம்.

4. முந்திரிப் பொடியைத் தூவி, கரண்டியால் அடியிலிருந்து மேலாக மெதுவாகக் கலக்கவும். சுத்தமான பிளாஸ்டிக் கவரின் நுனியை வெட்டி, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் சிறு கூம்புகளாகப் பிழியவும்.

5. ஓவனை முன்கூட்டியே 110 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, 75 நிமிடம் வைக்கவும். மைக்ரோவேவ் அடுப்பானால் கன்வெக்ஷன் முறையில் மட்டும் செய்யவும். இது வேகவைப்பதைவிட உலர்த்துவது என்றே சொல்ல வேண்டும். சூடு கூடினால் நிறம் மாறி வெடிக்கும். அணைத்த பின் உள்ளேயே ஆற விடவும். பேப்பரிலிருந்து தானாக விட்டு வந்தால் சரி.

6. சாக்லேட்டைத் துண்டாக்கி, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வேறொரு பாத்திரத்தில் வைத்து உருக்கவும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் கட்டி தட்டிவிடும். ஆறிய மக்ரூனின் அடிப்பாகத்தைத் தொட்டெடுத்துப் பேப்பரில் உலர விடவும்.

மூன்றாம் தோல்வி ஜூலை மழையில். நன்றாக வந்த மக்ரூனை மேஜை மேல் விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் பிசுபிசுத்துவிட்டது. சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் மும்பையில் இதை டிசம்பர், ஜனவரியில் செய்வதே நல்லது. ஆறியதும் உடனே காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிடுங்கள்.

சாக்லேட் யோசனை என் மகளுடையது. "ரொம்பத் தித்திப்பும்மா" என்று ஒதுக்கியவள், ஒரு நாள் கேக்குக்கு உருக்கிய சாக்லேட்டில் மக்ரூனைத் தோய்த்துத் தின்றாள். ஊர்ப் பண்டத்தை இப்படிக் கெடுக்கிறாளே என்று எனக்குக் கோபம். தின்று பார்த்தேன். கசப்பு தித்திப்பை அடக்கி, முந்திரி வாசனை தனியே தெரிந்தது. அன்றுதான் அவள், "தாத்தா கொண்டு வருவது இதுதானா?" என்று கேட்டாள். அவளுக்குத் தாத்தா முகம் சரியாக நினைவில்லை.

டப்பாவைக் கையில் கொடுக்கும்போது அப்பா தவறாமல் சொல்வார்: "மூடிய நல்லா இறுக்கி மூடு தாயி, காத்து பட்டா நமுத்துப் போயிரும்." இப்போது அதை என் மகள் எனக்குச் சொல்கிறாள்.