மாடுகளை வருத்தும் ஈக்கள்: தீனியினால் தடுக்க முடியுமா?

நெல் வயலும் மரக்கறித் தோட்டமும் உடைய கமக்காரரிற் பலர், எருவிற்காகவும் பாலிற்காகவும் இரண்டொரு மாடுகளையேனும் வளர்க்கின்றனர். மழை பெய்து ஓய்ந்ததும் இம்மாடுகளை ஈக்கள் மொய்க்கத் தொடங்குகின்றன. மாடு ஓயாமல் வாலை வீசும், காலை உதைக்கும், தலையை உதறும். இவ்வாறு நின்ற மாடு வயிறாரத் தின்பதுமில்லை, படுத்து அசைபோடுவதுமில்லை. அதனால் மெலிவதோடு, கறக்கும் பாலும் குறைகிறது.

உள்ளி, வேப்பிலை, கந்தகம் முதலியவற்றைத் தீனியிற் கலந்து கொடுத்தால் ஈக்கள் அண்டமாட்டா என்று சிலர் கூறுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இக்கூற்றில் உண்மை எவ்வளவு, ஆபத்து எவ்வளவு என்பதை அறிந்த பின்னரே அதனைக் கைக்கொள்ளல் வேண்டும்.

ஈக்களை இனம் காணுங்கள்

மாட்டை மொய்க்கும் ஈக்கள் யாவும் ஒரே இனத்தன அல்ல.

1. வீட்டு ஈ: இது கடிப்பதில்லை. கண்ணீரையும் புண்ணின் கசிவையும் உண்ணும். கண்நோய்க் கிருமிகளை ஒரு மாட்டிலிருந்து மற்றொன்றிற்குக் கொண்டுசெல்லும்.

2. கொட்டில் ஈ: பார்வைக்கு வீட்டு ஈயைப் போன்றது. ஆயினும் ஊசிபோன்ற வாயால் இரத்தம் குடிக்கும். பெரும்பாலும் கால்களிலேயே கடிக்கும். மாடு இடைவிடாது காலை உதைத்தால் இதனையே ஐயுறல் வேண்டும்.

3. எருமை ஈ: வீட்டு ஈயிற் பாதியளவினது. முதுகிலும் தோளிலும் கூட்டமாக இருந்து இரவும் பகலும் இரத்தம் குடிக்கும். புதுச்சாணத்தில் முட்டையிடுவதற்காகவே மாட்டை விட்டு நீங்கும்.

4. பெரிய மாட்டு ஈ: சேற்றுநிலங்களிலும் நீரோரங்களிலும் பெருகுவது. பெண் ஈயே கடிக்கும். கடித்த இடத்தில் இரத்தம் வடியும்.

நோய் பரவுவதிலும் ஈக்களுக்குப் பங்குண்டு. தோலெங்கும் கட்டிகள் எழும் தோற்கழலை நோய் 2020 ஆம் ஆண்டில் நம் நாட்டின் வடபகுதியிலே காணப்பட்டது. இரத்தம் உறிஞ்சும் ஈக்களும் கொசுக்களும் உண்ணிகளும் அந்நோயைப் பரப்பவல்லன. ஆகவே ஈயைச் சிறு தொல்லை என்று கருதி வாளாவிருத்தல் தகாது.

தீனியிற் சேர்க்கும் பொருள்கள்

தீனியிற் சேர்க்கும் இத்தகைய பொருள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஈயைத் தாக்கக்கூடும். ஒன்று, அதன் மணம் தோலின் வழியே வெளிப்பட்டு ஈயை விலக்குதல். மற்றொன்று, அது சாணத்தோடு வெளியேறி, அதிலுள்ள புழுக்களை வளரவிடாது செய்தல்.

உள்ளியை முதலாவது வழிக்காகக் கொடுக்கின்றனர். மேயும் மாடுகளிற் செய்த சில பரிசோதனைகளில், உள்ளித் தூள் கலந்த தாதுப்புத் தின்ற மாடுகளில் எருமை ஈயின் இனத்தைச் சேர்ந்த ஈக்கள் ஓரளவு குறைந்தன. ஆனால் முற்றாக நீங்கவில்லை.

வேம்பு இரண்டாவது வழியிற் செயற்படுவது. வேப்பங்கொட்டையிலுள்ள கசப்புச் சத்து, சாணத்திலே வளரும் ஈப்புழு முதிர்ந்து ஈயாவதைத் தடுக்கிறது. ஆயினும் கொட்டையையோ பிண்ணாக்கையோ மிகுதியாகக் கலந்தால், கசப்பினால் மாடு தீனியை வெறுக்கும், உடல்நலமும் கெடும். வேப்பம் பிண்ணாக்கைப் பயிருக்குப் பசளையாக இடுவதே சிறந்தது.

மேலும், கொட்டில் ஈ சாணத்தில் மட்டும் வளர்வதில்லை. மூத்திரத்தில் நனைந்து அழுகிய வைக்கோலும் வீசப்பட்ட மரக்கறிக் கழிவும் அதற்குப் போதும். மாட்டின் வயிற்றினூடாகச் சென்ற எந்தப் பொருளும் அவ்விடங்களை அடையமாட்டாது. தீனியை மட்டும் நம்பியிருப்பவர் ஏமாறுவதற்கு இதுவே காரணம்.

உள்ளியிலும் வெண்காயத்திலும் உள்ள ஆபத்து

தோட்டக்காரர் இப்பகுதியை ஊன்றி வாசித்தல் வேண்டும். உள்ளியும் வெண்காயமும் ஒரே குடும்பத்தன. இவற்றிலுள்ள கந்தகச் சேர்க்கைகள் அளவு மிஞ்சினால் இரத்தத்தின் செவ்வணுக்களை உடைத்துவிடும். 2005 ஆம் ஆண்டில் வெளியான கனடிய ஆராய்ச்சியொன்றில், உள்ளியை நாள்தோறும் மிகுதியாகத் தின்ற குதிரைகளுக்கு இவ்வகை இரத்தச்சோகை உண்டாயிற்று. மாடோ வெண்காய நஞ்சினால் எளிதில் தாக்கப்படும் விலங்கு; ஆடு அவ்வளவு எளிதிற் பாதிக்கப்படுவதில்லை.

ஈயைத் துரத்தும் என எண்ணி உள்ளியை அள்ளிக் கொடுப்பதும், விலைப்படாத அல்லது அழுகிய வெண்காயத்தை மாட்டின் முன் குவித்து விடுவதும் ஒரே கேட்டையே விளைவிக்கும். மூத்திரம் செந்நிறமாகவோ கபிலநிறமாகவோ போதல், முரசும் கண்ணின் உட்புறமும் வெளிறுதல், மாடு தள்ளாடி நிற்றல், மூச்சு வாங்குதல் ஆகியன இதன் அறிகுறிகள். இவை தின்ற அன்றே தோன்றாமல், சில நாட்கள் கழித்தும் தோன்றலாம். கண்டவுடன் அத்தீனியை நிறுத்தி, மாட்டை நிழலில் அலைக்காது வைத்து, மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். சினைமாட்டிற்கு இவற்றைக் கொடாது விடுவதே நன்று. கறவை மாட்டின் பாலில் இவற்றின் நாற்றம் ஏறும் என்பதையும் மறவாதீர்கள்.

கந்தகத் தூளையும் தீனியிற் கலத்தலாகாது. கந்தகம் மிகுந்தால் மாட்டின் மூளை பாதிக்கப்பட்டுப் பார்வையிழக்கவும் இறக்கவும் கூடும்.

ஈ பிறக்கும் இடத்தை அழியுங்கள்

வீட்டு ஈ ஒருமுறைக்கு நூறு முட்டைகளுக்கு மேல் இடும். நம் நாட்டு வெப்பத்தில் அம்முட்டை ஏழு முதற் பத்து நாட்களுக்குள் ஈயாகிவிடும். கொட்டில் ஈக்கு ஏறக்குறைய இரண்டு அல்லது மூன்று கிழமைகள் வேண்டும். இக்காலம் முடியுமுன் எருவை அகற்றினால் ஈயின் பரம்பரை அறுபடும். இதற்குப் பணச்செலவில்லை, தவறாத உழைப்பே வேண்டும்.

1. சாணத்தையும் நனைந்த வைக்கோலையும் நாள்தோறும் வாருங்கள். முடியாதவிடத்துக் கிழமைக்கு இருமுறையேனும் வாருங்கள்.

2. வாரியதைச் சிதறவிடாது மூன்று, நான்கு அடி உயரமாகக் குவித்துக் கூட்டெரு ஆக்குங்கள். குவியலின் உள்ளே எழும் சூட்டிற் புழுக்கள் மடியும். மேற்புறம் சூடு ஏறாதாகையால், அதனைக் கிளறி உள்ளே தள்ளிப் பொலித்தீன் விரிப்பால் மூடுங்கள். மழையிற் பசளைச் சத்துக் கழுவுண்டு போவதையும் இவ்விரிப்புத் தடுக்கும்.

3. மேய்ச்சல் தரையிற் கிடக்கும் சாணத்தை வெயில் நாட்களில் மெல்லியதாகப் பரப்பிவிடுங்கள். அது விரைவில் உலர, எருமை ஈயின் புழுக்கள் அழியும்.

4. கொட்டிலின் தரை சரிவாக இருத்தல் வேண்டும். மூத்திரம் வாய்க்கால் வழியே குழிக்குச் செல்லட்டும்.

5. மக்காத கோழி எருவைத் தோட்டத்திற் பரப்பாதீர்கள். அது ஊர் முழுவதற்கும் ஈயைப் பெருக்கும்.

6. கோழிகளைக் கொட்டிலருகே கிளறவிடுங்கள். புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் அவை பொறுக்கித் தின்னும்.

மாட்டிற்கு உடனடி ஆறுதல்

மாலையில் வேப்பிலைப் புகை இடலாம். ஆனால் காற்றோட்டமில்லாத கொட்டிலிற் புகையை அடைத்து வைத்தலாகாது. ஒரு பங்கு வேப்பெண்ணெயைப் பத்துப் பங்கு தேங்காயெண்ணெயிற் கலந்து கால்களிலும் முதுகிலும் பூசலாம். முதலிற் சிறிதளவு இடத்திற் பூசி, தோல் புண்படாமையை ஒரு நாள் கவனியுங்கள். கண், மடி, திறந்த புண் ஆகியவற்றிற் படவிடாதீர்கள். எருமை சேற்றிற் புரள்வதும் இயற்கை அதற்கு அளித்த காப்பேயாகும், அதற்கு இடங்கொடுங்கள்.

புண்களைத் தினமும் கழுவிப் பாருங்கள். சில ஈக்கள் புண்ணில் முட்டையிட, புழுக்கள் உயிர்த்தசையைக் குடைந்து மாட்டைக் கொல்லவும் கூடும். புழு காணப்பட்டால் மிருக வைத்தியரை நாடுதல் வேண்டும். பயிருக்குத் தெளிக்கும் நஞ்சை மாட்டின்மேல் ஒருபோதும் பூசாதீர்கள்.

ஈயின் தொட்டில் எருக்குவியலே. மாட்டின் தீனித் தொட்டியன்று. தீனித் தொட்டியில் நல்ல புல்லும் தவிடும் தூய நீரும் இருக்கட்டும். எருவை ஒழுங்காகப் பேணுங்கள். ஈயும் குறையும்; அடுத்த போகத்திற்கு வேண்டிய நல்ல பசளையும் கைக்கு வரும்.