பிழைச்செய்தியும் ஒரு வாசிப்புப் பாடம்தான்

நிரலாக்க வகுப்பில் மாணவர்கள் நிரல் எழுதும் நேரத்தைவிட, எழுதிய நிரல் ஓடாமல் நிற்கும் நேரம்தான் அதிகம். ஆனால் ஓடாமல் நிற்கும் நிரலை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று கற்றுக்கொடுக்க நாம் ஒதுக்கும் நேரமோ மிகக் குறைவு. திரையில் சிவப்பு எழுத்துகள் தெரிந்ததும் மாணவர் நம்மை அழைக்கிறார். நாம் போய்ச் சரிசெய்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்கிறோம். நிரல் ஓடிவிடுகிறது. மாணவர் கற்றது எதுவுமில்லை.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். 11ஆம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், 12ஆம் வகுப்பில் பைத்தான் எனப் பாடம் நடக்கிறது. கல்லூரிக்குப் போனதும் இவர்களில் பலர் ஜாவாவைச் சந்திப்பார்கள் என்பதால், பள்ளி நேரம் முடிந்தபின் வாரம் இரண்டு நாள் கணினி மன்றத்தில் ஜாவா கற்றுத்தருகிறேன். 8 மாணவர்கள் வருகிறார்கள். பள்ளி நூலகப் பதிவேட்டை ஜாவாவில் உருவாக்குவது இந்த ஆண்டின் செயல்திட்டம். அதில் வந்த பிழைகளையும் அவற்றைப் படிக்க மாணவர்களைப் பழக்கிய முறையையும் இங்கே பகிர்கிறேன். கணினி கற்பிக்காத ஆசிரியர்களும் படிக்கலாம். இதில் பாதி மொழிப்பாடம்.

மூன்று கேள்விகள்

சத்துணவுக் கூடத்தில் சாம்பார் ஆகவில்லை என்றால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். செய்முறையில் தவறு இருக்கலாம். பருப்பு வந்து சேராமல் இருக்கலாம். அல்லது அடுப்பு சரியில்லாமல் இருக்கலாம். ஜாவா செயல்திட்டமும் அப்படித்தான்.

1. நாம் எழுதிய நிரலில் தவறா?
2. நிரலுக்குத் தேவையான வெளிக் கோப்பு வந்து சேரவில்லையா?
3. நிரலைப் பெயர்க்கும் ஜாவாவும் இயக்கும் ஜாவாவும் பொருந்தவில்லையா?

பிழை எதுவானாலும் முதலில் இந்த மூன்றில் எது என்று மாணவர் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் விசைப்பலகையைத் தொடலாம். எங்கள் மன்றத்தில் இது விதி.

முதல் வகை: நிரலில் தவறு

நாம் எழுதும் ஜாவா நிரலை நிரல்பெயர்ப்பி படித்து, கிளாஸ் கோப்பாக மாற்றுகிறது. படிக்கும்போது புரியாத இடம் வந்தால் கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் சொல்லி நிற்கிறது.

மன்றத்துக்கு வரும் ஒரு மாணவியின் திரையில் ஒருநாள் 23 பிழைகள் வந்தன. “சார், எனக்குக் கம்ப்யூட்டர் வராது சார்” என்று நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டாள். “23ஐயும் விடும்மா. மேலே இருக்கிற முதல் ஒன்றை மட்டும் வாசி” என்றேன். “கேனாட் ஃபைண்ட் சிம்பல்” என்று இருந்தது. அதற்கு அடியில் எந்தப் பெயர், எந்த இனக்குழுவில் என்றும் இருந்தது. பெயர் ‘புக்நோ’. அதாவது, “இந்தப் பெயரை நான் எங்கும் பார்க்கவில்லையே” என்று நிரல்பெயர்ப்பி கேட்கிறது. நிரலின் தொடக்கத்தில் அவள் அறிவித்த மாறியிலும் அதே பெயர்தான் இருந்தது. ஆனால் நடுவில் வரும் ஆங்கில எழுத்து அங்கே சிறியதாகவும் மற்ற 23 இடங்களில் பெரியதாகவும் இருந்தது. ஜாவாவுக்குச் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் வேறு வேறு. அறிவிப்பில் ஓர் எழுத்தைத் திருத்தியதும் 23 பிழைகளும் போய்விட்டன.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். ஒன்று, பிழைகளின் எண்ணிக்கை நம் அறியாமையின் அளவு அல்ல. ஒரே தவறு பல இடங்களில் எதிரொலிக்கும். எனவே முதல் பிழையை மட்டும் திருத்தி, மீண்டும் பெயர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு, பிழை சுட்டும் வரியிலேயே தவறு இருக்க வேண்டியதில்லை. மேலே அறிவித்த இடத்திலோ முந்தைய வரியில் விடுபட்ட அரைப்புள்ளியிலோ இருக்கலாம்.

இன்னொரு சிறு பிழையும் அடிக்கடி வரும். பொதுவாக அறிவிக்கப்பட்ட இனக்குழுவின் பெயரும் கோப்பின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால், எந்தப் பெயரில் கோப்பு இருக்க வேண்டும் என்பதையே நிரல்பெயர்ப்பி எழுதிக் காட்டும். விடை கேள்விக்குள்ளேயே இருக்கிறது. வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாம் வகை: வெளிக் கோப்பு வரவில்லை

எல்லாவற்றையும் நாமே எழுதுவதில்லை. தரவுத்தளத்தோடு பேச, கோப்புகளைப் படிக்க, பிறர் எழுதித் தந்த ஜார் கோப்புகளைப் பயன்படுத்துகிறோம். இவற்றைச் சார்புகள் என்கிறோம். ‘பேக்கேஜ் டஸ் நாட் எக்ஸிஸ்ட்’ என்று செய்தி வந்தால், அதைக் கேட்கும் வரியில் எழுத்துப்பிழை இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஜார் கோப்பு உரிய இடத்தில் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

சில சமயம் நிரல் ஒழுங்காகப் பெயர்க்கப்பட்டு, இயக்கும்போது மட்டும் நிற்கும். எங்கள் பதிவேடு மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தைத் தொட்டபோது ‘நோ சூட்டபிள் டிரைவர் ஃபவுண்ட்’ என்று நின்றது. நிரலில் தவறில்லை. தரவுத்தளத்தோடு பேசத் தேவையான பொதுக் கட்டமைப்பு ஜாவாவிலேயே இருப்பதால் பெயர்ப்பில் சிக்கல் வரவில்லை. மைஎஸ்க்யூஎல்லுக்கான இணைப்பு ஜார் மட்டும் இயக்கும் நேரத்தில் உடன் இல்லை. அதன் இருப்பிடத்தை ஜாவா தேடும் பாதையான கிளாஸ்பாத்தில் சேர்த்ததும் ஓடியது.

ஜார் கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்ப்பதற்குப் பதிலாக மேவன், கிரேடில் போன்ற கருவிகளைப் பயன்படுத்தலாம். மேவனில் பாம் என்ற கோப்பு ஒன்று உண்டு. தேவையான பொருளின் குழு, பெயர், பதிப்பு ஆகிய மூன்றையும் அதில் எழுதிவிட்டால், மேவன் சென்ட்ரல் என்னும் பொதுக் களஞ்சியத்திலிருந்து அதுவே இறக்கிக்கொள்ளும். இறக்கியதை நம் கணினியில் ‘.எம்2’ என்ற கோப்புறையில் சேமித்தும் வைக்கும். மூன்றில் ஒன்றில் ஓர் எழுத்து மாறினாலும் பொருள் கிடைக்காது. முகவரியில் அஞ்சல் குறியீடு மாறியதுபோல.

இணையம் அடிக்கடி துண்டிக்கப்படும் பள்ளி ஆய்வகங்களில் ஒரு சிக்கல் வரும். ஒருமுறை பொருள் கிடைக்காமல் போனால், ‘கிடைக்கவில்லை’ என்பதையே மேவன் குறித்து வைத்துக்கொள்ளும். இணையம் திரும்பி வந்த பிறகும், இயல்பான அமைப்பில் ஒரு நாள்வரை, மறுபடி தேடாமல் பழைய தோல்வியையே சொல்லும். செய்தியின் நீண்ட வரியை முழுதாக வாசித்தால் “முந்தைய முயற்சியின் தோல்வி சேமிக்கப்பட்டுள்ளது, இப்போது மீண்டும் தேடவில்லை” என்ற பொருள் அதில் இருக்கும். கட்டளையோடு சிறு கோடும் பெரிய ‘யு’ எழுத்தும் சேர்த்தால் மீண்டும் தேடும். பாதி இறங்கிக் கெட்டுப்போன கோப்பு என்றால், ‘.எம்2’ கோப்புறைக்குள் அந்தப் பொருளுக்குரிய கோப்புறையை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி இறக்கலாம். எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதில்லை.

இணைய வேகம் குறைவான ஆய்வகத்துக்கு ஒரு வழி: ஒரு கணினியில் அனைத்தையும் இறக்கி, நிரல் ஓடுவதை உறுதிசெய்துகொண்டு, ‘.எம்2’ கோப்புறையில் உள்ள களஞ்சியத்தைப் பென் டிரைவில் மற்றக் கணினிகளுக்கு நகலெடுங்கள். பிறகு மேவனை இணையமில்லா நிலையில் இயக்கலாம். இப்படிச் செய்தால் 45 நிமிடப் பாடவேளை பதிவிறக்கத்திலேயே கரையாது.

பழைய புத்தகங்களிலிருந்து எடுத்த நிரல்கள் தரும் சிக்கல் வேறு. 2018இல் வெளிவந்த ஜாவா 11இலிருந்து எக்ஸ்எம்எல் பிணைப்புக்கான ஜாக்ஸ்பி தொகுப்பு ஜாவாவுக்குள் இல்லை. எனவே ஜாவா 8 காலத்து நிரல் புதிய கணினியில் ‘தொகுப்பு இல்லை’ என்று நிற்கும். மாணவர் புத்தகத்தைப் பார்த்துச் சரியாகத்தான் எழுதியிருப்பார். அந்தத் தொகுப்பைத் தனிச் சார்பாகச் சேர்க்க வேண்டும் என்பதே தீர்வு. இதைத் தெரியாமல் நாம் மாணவரிடம் “மறுபடி சரிபார்” என்று சொல்லிக்கொண்டிருந்தால் அவர் தன்மீது நம்பிக்கை இழப்பார்.

சார்புக்கும் சார்பு உண்டு. நாம் கேட்ட இரண்டு பொருள்கள், மூன்றாவது பொருள் ஒன்றின் இரு வேறு பதிப்புகளைக் கேட்கலாம். சார்பு மரத்தில் நம் செயல்திட்டத்துக்கு அருகில் இருப்பதை மேவன் தேர்ந்தெடுக்கும்; கிரேடில் இயல்பாக உயர்ந்த பதிப்பைத் தேர்ந்தெடுக்கும். தேர்ந்தெடுத்த பதிப்பில் தேவையான செயற்கூறு இல்லையென்றால், இயக்கும்போது ‘நோ சச் மெத்தட் எரர்’ வரும். சார்பு மரத்தை அச்சிட்டுக் காட்டும் கட்டளை மேவனிலேயே இருக்கிறது. எந்தப் பொருளை யார் அழைத்து வந்தார்கள் என்று அதில் தெரியும்.

மூன்றாம் வகை: பதிப்புப் பொருத்தம்

மாணவர் ஒருவர் வீட்டில் அண்ணனின் மடிக்கணினியில் ஓடிய நிரலை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். இங்கே ஓடவில்லை. செய்தியில் 61 என்றும் 52 என்றும் இரண்டு எண்கள் இருந்தன. ஒவ்வொரு கிளாஸ் கோப்பிலும் அதன் வடிவ எண் பதிந்திருக்கும். அந்த எண்ணிலிருந்து 44ஐக் கழித்தால் ஜாவாவின் பதிப்பு கிடைக்கும். 52 என்றால் ஜாவா 8. 55 என்றால் 11. 61 என்றால் 17. 65 என்றால் 21. வீட்டில் ஜாவா 17இல் பெயர்த்த கோப்பு, ஆய்வகத்தின் ஜாவா 8க்குப் புரியவில்லை. மாணவர்கள் கரும்பலகையில் கழித்துப் பார்த்துத் தாங்களே சொன்னார்கள்.

தீர்வு இரண்டு. இரு கணினிகளிலும் ஒரே பதிப்பை நிறுவலாம். அல்லது வீட்டில் பெயர்க்கும்போதே ஜாவா 8க்கு ஏற்பப் பெயர்க்குமாறு நிரல்பெயர்ப்பிக்குச் சொல்லலாம். புதிய பதிப்புக்கே உரிய வசதிகளை நிரலில் பயன்படுத்தாதிருந்தால் இது போதும். ஒரே கணினியில் இரண்டு ஜாவா இருப்பதும் உண்டு. எனவே பெயர்க்கும் ஜாவா, இயக்கும் ஜாவா, மேவன் பயன்படுத்தும் ஜாவா ஆகிய மூன்றின் பதிப்பையும் தனித்தனியே கேட்டுப் பார்க்கப் பழக்குங்கள்.

அச்சம் ஜாவாவிடம் இல்லை

சில மாதங்களில் எனக்குத் தெளிவானது இது: தமிழ்வழி மாணவர்கள் அஞ்சுவது நிரலுக்கு அல்ல, பிழைச்செய்தியின் ஆங்கிலத்துக்கு. வகுப்பறையில் சிவப்பு மை என்றால் மதிப்பெண் குறைப்பு என்று பழகியவர்கள் அவர்கள். சிவப்பில், ஆங்கிலத்தில், பத்து வரி வந்தால் வாசிக்காமலேயே கண்ணை எடுத்துவிடுகிறார்கள். வீட்டில் கேட்க ஆளிருக்கும் பிள்ளை எப்படியோ தப்பித்துக்கொள்ளும். ஆளில்லாத பிள்ளை “எனக்கு வராது” என்று முடிவு செய்துகொள்ளும்.

ஆனால் இந்தச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். எதிர்பார்க்கப்பட்டது, காணவில்லை, பொருந்தாது, தீர்க்க முடியவில்லை, ஏற்கப்படவில்லை, காரணம் என்ற பொருள்தரும் சொற்கள்தான் அவை. ஆங்கில ஆசிரியரின் உதவியோடு இவற்றைத் தமிழ்ப் பொருளுடன் ஓர் அட்டையில் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டினோம். நீண்ட இயக்க நேரப் பிழைகளில் ‘காஸ்டு பை’ என்று தொடங்கும் கடைசி வரியைத் தேடச் சொன்னேன். பெரும்பாலும் மூல காரணம் அங்கே இருக்கும்.

வகுப்பில் கடைப்பிடிக்க

• பிழை வந்ததும் மாணவர் முதல் செய்தியை உரக்க வாசித்து, தமிழில் பொருள் சொல்லட்டும்.
• மூன்று வகையில் எது என்று சொல்லட்டும். தவறாகச் சொன்னாலும் பரவாயில்லை; ஏன் என்று கேளுங்கள்.
• ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டை மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது.
• “எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி நிறுவு” என்பது கடைசி வழியாக இருக்கட்டும்.
• பிழைக் குறிப்பேடு ஒன்று வையுங்கள். செய்தி, காரணம், தீர்வு என மூன்று கட்டம் போதும். அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு அதுவே பாடநூல்.
• ஆசிரியர் விசைப்பலகையைத் தொடாமல் கேள்வி மட்டும் கேட்கட்டும்.

நீள் வகுத்தலில் முதல் கழித்தல் தவறினால் அடுத்தடுத்த வரிகள் எல்லாம் தவறும். அந்த விடைத்தாளில் ஐந்து இடங்களில் சுழிப்பதைவிட, முதலில் தவறிய வரியை மட்டும் சுட்டி “இங்கிருந்து மறுபடி பார்” என்று எழுதினால் அந்தக் குழந்தை மீதியைத் தானே திருத்திக்கொள்ளும். தொடக்க வகுப்பில் இப்படிப் பழகிய பிள்ளைக்கு, பின்னாளில் திரையில் 23 பிழைகள் வந்தாலும் முதல் வரியிலிருந்து வாசிக்கத் தோன்றும். அடுத்த முறை ஆய்வகத்தில் ஒரு மாணவர் கையைத் தூக்கினால், அருகில் சென்று “முதல் வரி என்ன சொல்கிறது?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.