மணலுக்குள் மிதக்கும் நன்னீர்

விவேக் நகரில் நான் குடியிருக்கும் வீட்டுக்குக் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வருகிறது. அது வராத நாளில் குடத்தை ஏந்திக்கொண்டு தண்ணீர் லாரிக்குக் காத்திருப்போம். அப்போதெல்லாம் என் அம்மாச்சி வாழ்ந்த தனுஷ்கோடி என் நினைவுக்கு வரும்.

இராமேசுவரம் தீவின் தென்கிழக்குக் கோடியில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணல்திட்டு அது. வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. 1964 டிசம்பர் 22 இரவு புயலும் பேரலையும் இரயிலையும் ஊரையும் ஒருங்கே விழுங்கின. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஆயினும் மீனவக் குடும்பங்கள் சில அங்கேயே குடிசை போட்டு வாழ்ந்தன. எதைக் குடித்து வாழ்ந்தன? மணலில் கையால் தோண்டிய ஊற்றைத்தான்!

சிறுவயதில் நானும் தோண்டியதுண்டு. “மெல்லத் தோண்டு, தங்கம். ஆழம் போனா கடலு எட்டிப் பார்க்கும்” என்பார் அம்மாச்சி. அச்சொல்லின் பொருள் பட்டப்படிப்பில்தான் எனக்கு விளங்கிற்று.

மழைநீர் மணலுக்குள் இறங்குகிறது. அடியில் கடல்நீர் ஊறி நிற்கிறது. நன்னீரின் அடர்த்தி 1 என்றால் கடல்நீரின் அடர்த்தி 1.025. ஆகவே இலேசான நன்னீர் மேலே மிதக்கிறது, நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்த கண்ணாடி வில்லையைப் போல. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால், கீழே சுமார் 40 சென்டிமீட்டர் ஆழம் வரை அது இருக்கும். கைபன், ஹெர்ஸ்பெர்க் என்னும் இரு அறிஞர் பெயரால் இவ்விதி வழங்குகிறது. இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். மேலே 1 சென்டிமீட்டர் நீர் குறைந்து அப்படியே நிலைத்தால், கீழிருந்து உப்புநீர் 40 சென்டிமீட்டர் ஏறிவிடும்!

பசிபிக் கடலில் குக் தீவுகளைச் சேர்ந்த புக்காபுக்கா என்னும் பவளத்தீவிலும் இதே நிலைதான். அங்குள்ள மூன்று சிற்றூர்களும் பாலினீசியர் வாழும் ஊர்கள். 2005இல் பெர்சி புயலின் அலைகள் நிலத்தின்மேல் ஏறின. கெட்டுப்போன நிலத்தடி நீர் மீண்டும் குடிக்கத் தக்கதாக ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது.

2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. இன்று வண்டிகள் அணிவகுத்து வருகின்றன. வருவோர் கூடக்கூடத் தண்ணீர்த் தேவையும் கூடும். அந்த மணலில் மோட்டார் வைத்து உறிஞ்சினால், புயல் வராமலே ஊற்று உவர்த்துவிடும். புயலுக்குப் பின்னும் மக்களை அங்கே வாழவைத்தது அந்த மெல்லிய நன்னீர்ப் படலமே. தனுஷ்கோடிக்குச் செல்லும் நண்பர்களே, உங்களுக்கு வேண்டிய நீரை இங்கிருந்தே கொண்டு செல்லுங்கள். அங்குள்ள ஊற்று அங்குள்ளோர்க்கு இருக்கட்டும்.