பேர் விழுந்ததா? படக்கதை கீறும் பிள்ளைகளுக்கு எட்டு அறிவுரைகள்

தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் ‘பேர்’ என்றால் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. பெரட்டுக்களத்தில் நின்று, மலையேறி, சொன்ன அளவு கொழுந்து நிறுத்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். செக்ரோல் என்ற வரவுப் பதிவில் பேர் விழாவிட்டால் அன்றைக்கு மலையில் நின்றதற்கே அத்தாட்சி இல்லை. படக்கதையிலும் சினிமாவிலும் இதே கணக்குத்தான் என்று விளங்க எனக்கு முப்பது வருஷம் பிடித்தது. பசறை, மடுல்சீமை, ஹாலிஎல, அப்புத்தளைப் பக்கமிருந்து கொமிக்ஸ் கீறிக்கொண்டு, “ஐயா, இதைப் படமாக்கக் கேட்கிறாங்க” என்று வருகிறவர்களுக்கு வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. கீறிய அன்றே திகதி போடுங்கள்.

நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க அறிவுசார் சொத்துச் சட்டப்படி, கீறி முடித்த கணமே அது உங்களுடையது. பதிவு தேவையில்லை. உங்கள் ஆயுளும் அதற்குப் பிறகு 70 வருஷமும் பாதுகாப்பு உண்டு. ஆனால் முதலில் கீறியது நான்தான் என்று காட்டுவது உங்கள் பாடு. சென்னையில் வருண் ராஜேந்திரன் தன் ‘செங்கோல்’ கதையை 2007இல் எழுத்தாளர் சங்கத்தில் பதிந்து வைத்திருந்தார். 2018இல் ‘சர்கார்’ படம் வெளிவரும் நேரத்தில், அது தன் கதை என்று அவர் சொன்னபோது அந்தப் பதிவுதான் பேசியது. சங்கத் தலைவர் பாக்யராஜ் ஒற்றுமை இருக்கிறது என்றார். படம் வெளிவருமுன் சமரசம் வந்து, அவர் பேர் திரையில் விழுந்தது. நமக்கு அப்படிச் சங்கம் இல்லாவிட்டால், பக்கங்களைப் படமெடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். பென்சில் கோட்டோடு இருக்கும் முதல் தாளை எறியாதீர்கள்.

2. எண்ணத்துக்கு வேலி கட்ட முடியாது.

‘தேயிலை மலையில் பறக்கும் வீரன்’ என்பது எண்ணம். அதை யாரும் எடுக்கலாம். அவன் முகம், அவன் லயத்துக் கதை, அவன் பேசும் பேச்சு, கட்டம் கட்டமாக நீங்கள் அடுக்கிய விதம்: இவைதான் உங்கள் சொத்து. ஒரு நாடகத்துக்கும் ‘நியூ டெல்லி’ என்ற இந்திப் படத்துக்கும் நடந்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1978இல் இதைத்தான் சொல்லி, நாடகக்காரரின் வழக்கைத் தள்ளியது. ஆகவே தேத்தண்ணிக் கடையில் கதை சொல்லித் திரிவதை விட்டுவிட்டு, கீறி முடியுங்கள்.

3. காசோலையின் பின்பக்கத்தையும் வாசியுங்கள்.

இது விளையாட்டுப் பேச்சல்ல. ‘கோஸ்ட் ரைடர்’ கொமிக்ஸ் எழுதிய கேரி பிரெட்ரிக், 2007இல் அது படமாக வந்தபோது அதை வெளியிட்ட மார்வெல் மீது வழக்குப் போட்டார். 1971இல் கொடுத்த காசோலையின் பின்பக்கத்தில் அச்சடித்த வாசகத்தின் கீழே கையொப்பமிட்டதால் உரிமை போய்விட்டது என்று 2011இல் தீர்ப்பு வந்தது. 2013இல் மேல்முறையீட்டில் அது ரத்தாகி, பிறகு சமரசமானது. அதற்கும் முன்னே, 1938இல் ஜெரி சீகலும் ஜோ சூஸ்டரும் சூப்பர்மேனை 130 டொலருக்குக் கொடுத்தார்கள். சூப்பர்மேன் பெரிய படமாகத் தயாராகிக்கொண்டிருந்த 1975இல், பத்திரிகைகள் சத்தம் போட்ட பிறகே அவர்களுக்கு வருஷத்துக்கு 20,000 டொலர் ஓய்வூதியமும் பேரும் கிடைத்தன.

என் கதையும் கேளுங்கள். ஒரு வார ஏட்டுக்குத் தொடர்படக்கதை கீறினேன். வாரா வாரம் காசு வந்தது. வவுச்சரில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. பிறகு அதே கதை மேடையில் நாடகமாக ஓடியதைக் காசு கொடுத்து உள்ளே போய்ப் பார்த்தேன். வாங்கியது வெறும் கைக்காசு. பேர் விழவே இல்லை.

4. சம்பளமா, சொந்தமா என்று முதலில் கேளுங்கள்.

ஒரு நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்குக் கீறினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை பொருளாதார உரிமை முதலாளிக்கே. இரவில் வீட்டில் கீறும் சொந்தப் பாத்திரத்தை அந்த மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

5. துண்டு யார் கையில் இருக்கிறதென்று பாருங்கள்.

நம் முப்பாட்டன் காலத்தில் ‘துண்டு’ என்று ஒரு கடதாசி இருந்தது. தொழிலாளியின் கடன் அதில் இருக்கும். கடனைக் கட்டும் தோட்டம் ஆளைக் கொண்டுபோகும். ஆளுக்கு அதில் பேச்சில்லை. 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். சினிமா உரிமையும் அப்படித்தான் கைமாறுகிறது. அலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் கீறிய ‘வொட்ச்மென்’ கொமிக்ஸ் 1986-87இல் வந்தது. பட உரிமையை 1986இலேயே பொக்ஸ் ஸ்டூடியோ வாங்கியது. படம் எடுக்கவில்லை. உரிமை தயாரிப்பாளர் லோரன்ஸ் கோர்டன் பக்கம் போனது. 1994இல் இன்னொரு உடன்படிக்கை. பல ஸ்டூடியோக்களைச் சுற்றிக் கடைசியில் வோர்னர் படத்தை எடுத்தது. நடுவில் பொக்ஸுக்குச் சேர வேண்டியது தீர்க்கப்படவில்லை. 2008 பெப்ரவரியில் பொக்ஸ் வழக்குப் போட்டது. நத்தாருக்கு முதல் நாள் நீதிபதி கேரி பீஸ், விநியோக உரிமை பொக்ஸுக்கு உண்டு என்றார். எடுத்து முடித்த படம் பெட்டியோடு தொங்கியது. ஜனவரியில் பணமும் வசூலில் பங்கும் பேசித் தீர்த்த பிறகே 2009 மார்ச்சில் வெளிவந்தது. இரண்டு துரைமாரும் துண்டுக்குச் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையில் கதையைப் படைத்தவர்களை யாரும் கேட்கவில்லை. உங்களிடம் வருகிறவர், “உரிமையை இன்னொருவருக்குக் கொடுக்க உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும்” என்ற வரிக்கு ஒத்துக்கொள்கிறாரா பாருங்கள். நம் சட்டப்படி உரிமை மாற்றமே இரு பக்கமும் ஒப்பமிட்ட எழுத்தில்தான் இருக்க வேண்டும்.

6. திரும்பி வரும் நாளை எண்ணால் எழுதுங்கள்.

‘வொட்ச்மென்’ புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை திரும்பும் என்று மூருக்கும் கிப்பன்ஸுக்கும் வாக்கு இருந்தது. புத்தகம் இன்றுவரை அச்சில் இருக்கிறது. உரிமை திரும்பவே இல்லை. ஆகவே ‘படம் நின்றுபோனால்’ என்று எழுத விடாதீர்கள். ‘3 வருஷத்துக்குள் படப்பிடிப்புத் தொடங்காவிட்டால்’ என்று எழுதுங்கள்.

7. பேரை எடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு; அதற்கு விலையும் உண்டு.

தன் கதைகளிலிருந்து எடுத்த ‘வீ போர் வெண்டெட்டா’ படத்திலும் ‘வொட்ச்மென்’ படத்திலும் அலன் மூர் தன் பேர் வேண்டாம் என்றார். தன் பங்குப் பணத்தையும் ஓவியர்களுக்கே விட்டார். காசை வாங்கிக்கொண்டு பேட்டியில் மட்டும் கோபப்படவில்லை. நம் சட்டத்திலும் ஒழுக்க உரிமை என்று ஒன்று தனியாக நிற்கிறது: பேர் போடச் சொல்லலாம், போடாதே எனலாம், உங்கள் மானத்துக்குக் கேடு வரும்படி சிதைப்பதை எதிர்க்கலாம். பொருளாதார உரிமையை விற்ற பிறகும் இது உங்களிடமே இருக்கும். ஆனால் சின்ன மாற்றத்துக்கெல்லாம் இதைத் தூக்காதீர்கள். கட்டத்தில் அசையாமல் நின்றவன் திரையில் நடக்கத்தான் வேண்டும். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல் 1978இல் நம் நாட்டிலேயே படமானது. நாவலும் படமும் தனித்தனியாக நின்றன. மாற்றம் பயமென்றால், எழுதும் மேசையில் உங்களுக்கும் ஒரு கதிரை கேளுங்கள். 1975இல் வி. பி. கணேசன் எடுத்த மலையகப் படம் ‘புதிய காற்று’க்கு எழுதியவர் நம் தெளிவத்தை ஜோசப். பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பேரைத் தன் பேரோடு கட்டிக்கொண்டவர் அவர்.

8. வழக்கைக் கடைசிக் கதவாக வையுங்கள்.

இந்த வழக்குகள் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குப் போகும். ஒவ்வொரு தவணைக்கும் பதுளையிலிருந்து இரவு ரயில் ஏற வேண்டும். ஆரூர் தமிழ்நாடன், 1996இல் தான் எழுதிய ‘ஜூகிபா’ கதைதான் ‘எந்திரன்’ படம் என்று 2010இல் புறப்பட்டார். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருடைய இழப்பீட்டு வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2025இல் அந்தப் படத்தின் இயக்குநர் ஷங்கரின் சொத்துக்களை அமலாக்கத் துறை முடக்க, அதையும் அதே நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. பதினைந்து வருஷத்தை எண்ணிப் பாருங்கள். ஒப்பமிடுமுன் ஒரு சட்டத்தரணிக்குக் கொடுக்கும் காசு அதைவிடக் கொஞ்சம்.

மடுவத்தில் உங்கள் அம்மா கூடையை இறக்கியதும் என்ன செய்வார் என்று பார்த்திருப்பீர்கள். கணக்கப்பிள்ளை நல்லவரா கெட்டவரா என்று யோசிக்க மாட்டார். தராசு முள்ளைப் பார்ப்பார், கொப்பியில் என்ன எழுதுகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பார், பிறகுதான் நகர்வார். படக்காரர் கடதாசியை நீட்டும்போது நீங்களும் அவ்வளவு செய்தால் போதும்.